பந்தியில் இடமில்லை என்றால் யாரை எழுப்புவது? அம்பத்தூர் சர்வர்களின் நினைவுக் கணக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஒரு பக்கம் லேத் ஓடும் சத்தம், இன்னொரு பக்கம் பவர் பிரஸ் இடிக்கும் சத்தம், முனையில் டீக்கடை. 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை இது. அதற்கும் முன்பே, 1949-ல், டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்துவிட்டது. அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள் இங்கே பிறந்ததுதான். ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளிப்போனால் ஆவடி, அங்கே ராணுவ டாங்கி தொழிற்சாலை. மேற்குச் சென்னை என்றாலே இரும்பும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் என்று இருந்த காலம் அது.

இப்போது அந்தச் சத்தங்களுக்கு நடுவே புதிதாக ஒன்று கேட்கிறது. இரவு பகல் நிற்காத, ஒரே சுருதியில் ஓடும் குளிரூட்டும் இயந்திரங்களின் ரீங்காரம். ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்கள். ஷிப்ட் முடிந்து கூட்டமாக யாரும் வெளியே வருவதில்லை, சரக்கு ஏற்றிய லாரியும் கிளம்புவதில்லை. டேட்டா சென்டர்கள்! ரிலையன்ஸ் ஜியோ, புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி ஆகிய மூன்றும் கைகோத்த டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம், 2024 ஜனவரியில் தன் முதல் மையத்தைத் திறந்தது இந்த எஸ்டேட்டில்தான். 10 ஏக்கர் வளாகம், முழுதாக வளரும்போது 100 மெகாவாட். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் வீட்டு ஏ.சி.க்களாகக் கணக்குப் போட்டால், 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏ.சி.க்களை ஒரே நேரத்தில் ஓட்டும் மின்சாரம் அது. ஜப்பானின் என்டிடி, சிங்கப்பூரின் எஸ்டிடி ஜிடிசி நிறுவனங்களுக்கும் அம்பத்தூரில் மையங்கள் உண்டு.

ஏன் இந்தப் பக்கம்? சிங்கப்பூரிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வரும் கடலடி கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. கடலை ஒட்டியே சர்வர்களை வைத்தால் புயல் பயம். அம்பத்தூர் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, பெரிய அளவில் மின்சாரம் கொடுக்க ஏற்கெனவே பழகிய தொழிற்பகுதி. 2021 நவம்பரில் தமிழக அரசு டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டதும் ஒரு காரணம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 'கிளவுட்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, எல்லையே இல்லாத ஏதோ ஒரு ஆகாயத்தில் போட்டோக்கள் மிதப்பதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குளிர்ந்த அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் நொடிக்கு நொடி படும் பாடு, நடுத்தரக் குடும்பம் மாதக் கடைசியில் படும் பாடுதான். இருக்கும் இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய.

சமையல் மேடையும் பரணும்

சர்வருக்கு இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று ரேம் என்கிற நினைவகம். சமையல் மேடை மாதிரி. கைக்கு எட்டும் தூரம், மின்னல் வேகம். கரண்ட் போனால் அதில் இருப்பது அத்தனையும் மறந்துபோகும். இன்னொன்று சேமிப்பகம். ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. பரண் மாதிரி. நிறையக் கொள்ளும், கரண்ட் போனாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஆனால் ஏறி எடுக்க நேரமாகும்.

எவ்வளவு நேரம்? ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி. எஸ்எஸ்டியில் அதைப்போல சுமார் ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் சுமார் ஒரு லட்சம் மடங்கு. நானோ நொடி என்றால் மனதில் ஒட்டாது. ரேமுக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எஸ்எஸ்டிக்கு 17 நிமிடம். அம்பத்தூர் ஸ்டேஷனில் காத்திருந்து, ரயிலேறி, ஆவடியில் இறங்கிவிடலாம். ஹார்டு டிஸ்க்குக்கு 28 மணி நேரம். சென்னையிலிருந்து ராஜதானியில் ஏறினால் டெல்லியே வந்துவிடும்!

தட்கல் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடம்பில் தெரிந்த விஷயம். ஐஆர்சிடிசி இணையதளம் 2014 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாறியபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற கொள்ளளவு 7,200 ஆக உயர்ந்தது. அந்த மாற்றத்தின் பின்னால் இருந்த முக்கியமான உத்திகளில் ஒன்று, அடிக்கடி கேட்கப்படும் தகவல்களைப் பரணிலிருந்து இறக்கிப் பல சர்வர்களின் ரேமிலேயே பரப்பி வைத்தது. ஒவ்வொருவருக்கும் டெல்லி ரயில் ஏறி வந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தால் காலை 10 மணிக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்துவிடலாமே? முடியாது. காசு. ஒரே அளவுக்கு எஸ்எஸ்டியைவிட ரேமுக்குப் பல மடங்கு விலை. அதனால்தான் எதை மேடையில் வைப்பது, எதைப் பரணில் போடுவது என்று கணக்குப் பார்க்க ஒரு சமையல்காரர் தேவைப்படுகிறார். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அவர்தான். உலகின் பெரும்பாலான சர்வர்களில் அந்த வேலையைச் செய்வது லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், எழுதத் தொடங்கியது.

ஆயிரம் பத்திரிகை, இருநூறு இலை

இங்கே சமையல்கட்டை விட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போகலாம். ஏனென்றால் சர்வரின் நினைவக நிர்வாகத்தைப் பந்தியைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் வேறு கிடைக்காது.

ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 200 இலைதான். ஆனால் யாரும் பதறுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரமாட்டார்கள் என்ற தைரியம். லினக்ஸுக்கும் இதே தைரியம்தான். ஒரு புரோகிராம் வந்து "எனக்கு 10 ஜிபி வேண்டும்" என்று கேட்டால், பெரும்பாலும் "தாராளமாக" என்று தலையாட்டிவிடும். உண்மையில் அந்த இடத்தை அப்போதே ஒதுக்குவதில்லை. புரோகிராம் எழுத ஆரம்பிக்கும்போதுதான், துண்டு துண்டாக இலை போடும். ஒரு இலையின் அளவு 4 கேபி. இதற்குப் 'பக்கம்' என்று பெயர். 64 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வரில் இப்படி 1 கோடியே 67 லட்சம் பக்கங்கள். எந்தப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று அத்தனைக்கும் கணக்கு உண்டு.

இந்தப் பந்தி யோசனை லினக்ஸின் கண்டுபிடிப்பு கிடையாது. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழு உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில்தான் இது முதலில் நடைமுறைக்கு வந்தது. நினைவகம் குறைவு, பின்னால் மெதுவாகச் சுழலும் ஒரு காந்த உருளை. இரண்டையும் ஒன்றாகக் காட்டி, நிறைய இடம் இருப்பதாகப் புரோகிராம்களை நம்பவைத்தார்கள். இன்று உங்கள் கையிலிருக்கும் போன் வரைக்கும் அதே நம்பிக்கைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பந்தி நிறையும்போது, சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் கதை பேசுபவரை மெதுவாக வராண்டாவுக்கு அனுப்புவதுபோல, வெகுநேரம் தொடப்படாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பிவைக்கும் கெர்னல். இதற்கு ஸ்வாப் என்று பெயர். அளவோடு இருந்தால் நல்லது. அளவு மீறினால்? வராண்டாவுக்கு அனுப்பியவரையே அடுத்த நிமிடம் கூப்பிட வேண்டியிருக்கும், அவருக்காக இன்னொருவரை எழுப்ப வேண்டியிருக்கும். பரிமாறுபவர்கள் ஆளை மாற்றி மாற்றி உட்காரவைப்பதிலேயே களைத்துப்போவார்கள், ஒருவர் இலையிலும் சாதம் விழாது. 1968-ல் பீட்டர் டென்னிங் இந்த நிலைமையை அலசி, ஒரு புரோகிராமுக்கு அந்தந்த நேரத்தில் உண்மையிலேயே தேவைப்படும் பக்கங்கள் எவை என்று கணக்கிடும் வழியைச் சொன்னார். சர்வர் 'ஹேங்' ஆனது என்று சொல்கிறோமே, அதில் பாதி நேரம் அது தூங்குவதில்லை. ஆள் மாற்றுவதில் மும்முரமாக இருக்கிறது.

லினக்ஸில் ஸ்வாப் ஆசையைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு எண் உண்டு. வழக்கமாக 60. வங்கிக் கணக்கு மாதிரியான டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களில் அதை 10, சில இடங்களில் 1 என்றுகூடக் குறைத்துவைப்பார்கள். டேட்டாபேஸை வராண்டாவுக்கு அனுப்பினால் மொத்தக் கல்யாணமும் நின்றுபோகும் என்பது அனுபவம்.

காலியாக இல்லை என்றால் பதற வேண்டுமா?

இரவு ஷிப்ட்டில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் அநேகமாக எல்லோருமே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. திரையில் ரேம் கணக்கைப் பார்ப்பார்கள். 64 ஜிபியில் காலி என்று காட்டுவது 1 ஜிபியோ 2 ஜிபியோ. ஐயையோ, நிரம்பிவிட்டது என்று மேலதிகாரிக்கு நள்ளிரவில் போன் போகும்.

லினக்ஸ் ரேமைச் சும்மா கிடக்க விடாது. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை எடுத்த கோப்பை, மறுபடி யாராவது கேட்கக்கூடும் என்று காலி இடத்திலேயே நகல் வைத்துக்கொள்ளும். பந்தியில் காலியாக இருக்கும் இலைகளில் முன்கூட்டியே இனிப்பும் அப்பளமும் வைத்துவிடுவதுபோல. புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால் அதை எடுத்துவிடலாம், நஷ்டமில்லை. எனவே பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' என்ற எண்ணை அல்ல, பக்கத்தில் இருக்கும் 'அவைலபிள்' என்ற எண்ணை. அது 30, 40 ஜிபி என்று காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், சேர்த்துவைத்த நகல்கள் அத்தனையும் போய், அடுத்த சில மணி நேரத்துக்கு ஒவ்வொரு கேள்விக்கும் பரண் ஏற வேண்டியிருக்கும். வேகமாக்கப் போய் மெதுவாக்கிய கதை.

அதே தவறுதான் போனிலும் நடக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எல்லா ஆப்களையும் மேலே தள்ளித் தள்ளி மூடுபவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். ஆண்ட்ராய்டுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். இடம் தேவைப்பட்டால் எதை மூடுவது என்று அதற்கே தெரியும். தினமும் பத்து முறை திறக்கும் வாட்ஸ்அப்பை நீங்கள் மூடினால், ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். அதற்கும் பேட்டரிதான் செலவாகும். ஏதாவது ஒரு ஆப் உறைந்து நின்றுவிட்டால் மட்டும் அதை மூடுவதில் அர்த்தம் இருக்கிறது.

எழுந்திருங்கள் என்று சொல்லும் கை

ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வந்துவிட்டால்? வராண்டாவும் நிறைந்துவிட்டால்?

அந்த நேரத்துக்கென்று லினக்ஸ் ஒரு முரட்டு ஆளை வைத்திருக்கிறது. பெயரே முரட்டுத்தனமானது: ஓஓஎம் கில்லர். நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோய், எதையும் நகர்த்த முடியாத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே கொன்றுவிடும். முன்னறிவிப்பு கிடையாது. வேலை பாதியில் இருந்தாலும் கவலை கிடையாது. ஒன்றைக் கொன்றால்தான் மற்றவை பிழைக்கும் என்பது அதன் நியாயம்.

யாரைக் கொல்வது? ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு மதிப்பெண் போடும். அதிக இடம் பிடித்திருப்பவருக்கு அதிக மதிப்பெண். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சர்வரில் அதிக இடம் பிடித்திருப்பது யார்? அந்தச் சர்வர் எதற்காக வாங்கப்பட்டதோ அந்த டேட்டாபேஸ்தான்! மாப்பிள்ளையையே பந்தியிலிருந்து எழுப்பி அனுப்புவது மாதிரி ஆகிவிடும். இதைக் கிண்டலடித்து 2004-ல் ஆண்ட்ரீஸ் பிரவர் என்ற லினக்ஸ் நிரலாளர் ஒரு கதையே எழுதினார். எரிபொருளை மிச்சம் பிடிக்கக் குறைவாக நிரப்பிப் பறக்கும் விமானம், போதவில்லை என்றால் ஒரு பயணியை வெளியே தள்ளும், யாரைத் தள்ளுவது என்று நிபுணர்கள் விவாதிப்பார்கள் என்று போகும் அந்தக் கதை, நிர்வாகிகளிடையே இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது.

எனவே விவரமான நிர்வாகிகள் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். ஒரு புரோகிராமுக்கு மைனஸ் 1,000 என்று குறித்துவிட்டால், ஓஓஎம் கில்லர் அதைத் தொடாது. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் கதவைக் காக்கும் புரோகிராமுக்கு வழக்கமாக இந்தச் சலுகை உண்டு. அதைக் கொன்றுவிட்டால், சரிசெய்ய வேண்டிய ஆளே உள்ளே வர முடியாமல் போகும். இன்னொரு வழி, ஒவ்வொரு புரோகிராமுக்கும் இவ்வளவுதான் என்று ஆரம்பத்திலேயே எல்லை கட்டுவது. வாடகைக்கு விடப்படும் கிளவுட் சர்வர்களில் இதுதான் நடைமுறை. அங்கே ஒருவர் அளவு மீறினால், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதிப்பு வராது.

4,096 கள்ள ஓட்டுகள்

இடம் இருந்தாலும், அதில் வைத்தது வைத்தபடி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் தேர்தல். தலைநகர் பிரசெல்ஸை ஒட்டிய ஸ்கார்பீக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கவே முடியாத அளவுக்கு ஓட்டுகள் விழுந்திருந்தன. எண்ணிப் பார்த்தால் சரியாக 4,096 அதிகம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டை 12 முறை பெருக்கினால் வருவது 4,096. நினைவகத்தில் ஒரே ஒரு பிட், 0 ஆக இருந்தது தானாக 1 ஆக மாறியிருக்கிறது. புரோகிராமில் தவறு எதுவும் கிடைக்கவில்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள் ஒன்று சிப்பில் பட்டிருக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

எப்போதோ நடக்கும் அதிசயம் என்று ஒதுக்க முடியாது. கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் ஏதாவது ஒரு பிழை வந்திருந்தது. அதனால்தான் சர்வர்களில் போடும் ரேம் தனி ரகம். ஒவ்வொரு 64 பிட்டுக்கும் சரிபார்க்க 8 பிட் கூடுதலாக வைத்திருக்கும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு புரண்டால் திருத்த முடியாது, ஆனால் தப்பு நடந்திருக்கிறது என்று கத்தும். வீட்டு லேப்டாப்களில் அநேகமாக இந்த வசதி கிடையாது.

பரணும் உடையும்

ஹார்டு டிஸ்க் சாகும். எல்லா டிஸ்க்கும் சாகும், எப்போது என்பதுதான் தெரியாது. ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் நிறுவனங்களின் கணக்குப்படி, வருடத்துக்கு நூற்றில் ஒன்று, ஒன்றரை என்ற வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெரிய மையத்தில் டிஸ்க் மாற்றுவது குழாய்க்கு வாஷர் மாற்றுவது மாதிரி வழக்கமான வேலை.

அப்படியும் உங்கள் தகவல் ஏன் தொலைவதில்லை? 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரைதான் காரணம். ரெய்டு என்று பெயர். முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் இரண்டின் கூட்டுத்தொகை 12 என்று வையுங்கள். இரண்டாவது டிஸ்க் எரிந்துபோனாலும், 12-லிருந்து 7-ஐக் கழித்தால் 5 திரும்பக் கிடைத்துவிடும். நிஜத்தில் கூட்டலுக்குப் பதில் வேறொரு கணக்கு, ஆனால் தத்துவம் இதுதான்.

ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், புது டிஸ்க் போட்டு மறுபடி எழுதும் நேரத்தில். 20 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்க்குகள் மூச்சுவிடாமல் உழைக்க வேண்டும். அவையும் அநேகமாக அதே நாளில் வாங்கியவை, அதே வயது. அந்தச் சமயத்தில் இரண்டாவதும் போனால் கதை முடிந்தது. அதனால் பெரிய இடங்களில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்படி அமைக்கிறார்கள்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் தகவல் தொலைகிறது. எப்படி? ரெய்டு, டிஸ்க் சாவதிலிருந்து மட்டுமே காப்பாற்றும். தவறாக அழித்தால், அத்தனை டிஸ்க்கிலும் சேர்த்து ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது அதுதான். உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமிக்கும் தளம் அது. களைத்துப்போன ஒரு பொறியாளர், உதவிச் சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையைப் பிரதான சர்வரில் கொடுத்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால், வெவ்வேறு வகையில் ஏற்பாடு செய்திருந்தவற்றில் ஒன்றும் உருப்படியாக உதவவில்லை. தினசரி பேக்கப் பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டது என்று அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் சோதனைக்காகக் கையால் எடுத்துவைத்த நகல் காப்பாற்றியது. மீட்புப் பணியை அந்த நிறுவனம் யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்தப் பொறியாளரின் பெயரை வெளியிடவில்லை. பாராட்ட வேண்டிய முடிவு.

கிட்லேப் ஆறு மணி நேரத்தோடு தப்பித்தது. தென்கொரியா அப்படித் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசின் டேட்டா சென்டரில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. பெரும்பாலானவை மெல்ல மீண்டன. ஜி-டிரைவ் மட்டும் மீளவில்லை. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காமல் அதில் சேமிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்த சேமிப்பகம் அது. 858 டெராபைட். இவ்வளவு பெரியதை வெளியூரில் நகலெடுத்து வைப்பது சிரமம் என்று விட்டுவிட்டார்கள். சொன்னபடி கேட்டு நடந்த ஊழியர்களின் பல வருட உழைப்பு சாம்பலாகிப்போனது.

மேசைக்குக் கீழே ஒரு சர்வர்

டேட்டா சென்டரில் இருப்பவர்களுக்கு ஜெனரேட்டரும் தீயணைப்பும் உண்டு. அதே எஸ்டேட்டில் இரண்டு தெரு தள்ளி, பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையின் ஆபீஸ் அறையை நினைத்துப் பாருங்கள். மேசைக்குக் கீழே, தரையோடு தரையாக ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுதான் அவர்களுக்கு சர்வர். டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில், டிராயிங், ஊழியர் பி.எஃப். விவரம் எல்லாம் அதற்குள். பேக்கப்? அதே கம்ப்யூட்டரில் 'டி' டிரைவில் ஒரு காப்பி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மோட்டாரைக் காயவைத்து மறுபடி கட்டிவிடலாம். தண்ணீரில் நின்ற டிஸ்க்கில் இருந்த கணக்கை மீட்பது அவ்வளவு சுலபம் இல்லை. மீட்டுக் கொடுக்கும் கடைகள் கேட்கும் தொகை சில சமயம் புது கம்ப்யூட்டரின் விலையைத் தாண்டும். 'சி' டிரைவும் 'டி' டிரைவும் அநேகமாக ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். வீடு மூழ்கினால் இரண்டு அறையும்தான் மூழ்கும்.

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனி கணக்கு விதிகளின்படி, கணக்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள் தினமும், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் பேக்கப் எடுக்க வேண்டும். எஸ்டேட்டில் பிரைவேட் லிமிடெட் என்று பலகை மாட்டியிருப்பவர்கள் இதை ஒருமுறை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய எளிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். பட்டறைக்கு இதைப் பொருத்தினால்: கம்ப்யூட்டரில் ஒன்று, அலமாரியின் மேல்தட்டில் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் அல்லது முதலாளியின் வீட்டில் ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டும். கிட்லேப்பில் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இடம் தீர்ந்துபோவதில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று ஒரு பெரிய கோப்பை அழிப்பார்கள், ஆனாலும் இடம் திரும்ப வராது. காரணம், ஏதோ ஒரு புரோகிராம் அந்தக் கோப்பை இன்னமும் திறந்து வைத்திருக்கும். வாடகைதாரரின் பெயரை நோட்டில் அடித்துவிட்டோம், அவர் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை என்ற நிலை. அந்தப் புரோகிராமை நிறுத்தினால்தான் இடம் விடுபடும். அனுபவசாலிகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். தெரியாதவர்கள் விடியும்வரை கோப்புகளாக அழித்துக்கொண்டிருப்பார்கள், அழிக்கக் கூடாததையும் சேர்த்து.

ரேம் விலை ஏன் ஏறுகிறது?

இந்தச் சிக்கனக் கணக்கெல்லாம் இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குத் தேவைப்படும் அதிவேக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால், ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 பிற்பாதியில் சாதாரண ரேம் விலை மளமளவென்று ஏறியது. டிசம்பரில் மைக்ரான், கடைகளில் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. லேப்டாப்புக்கு ரேம் கூட்டலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போனவர்களுக்கு விலையைக் கேட்டதும் விஷயம் புரிந்திருக்கும்.

ஆகவே புது போன் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று நினைப்பவர்கள் செய்யக்கூடியவை சில. சேமிப்பகத்தில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக வையுங்கள். ஃபிளாஷ் சிப் நிறைந்துவிட்டால் எழுதும் வேகம் குறையும். செட்டிங்ஸில் 'கூடுதல் ரேம்' என்று சில போன்களில் ஒரு வசதி இருக்கும். அது உண்மையில் ரேம் அல்ல, அதே வராண்டாதான். ஏற்கெனவே போதுமான ரேம் இருக்கும் போனில் அதைக் கூட்டி வைப்பதால் பெரிய பலன் இருக்காது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியைத் திறந்தால் எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். குட்மார்னிங் வீடியோக்களின் எடை அப்போது தெரியும்.

பழைய போனில் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருக்கின்றன என்று பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள், இந்த வாரமே அதைச் சார்ஜ் போட்டு எழுப்பி வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் நினைவகத்தில் தகவல் என்பது சிக்கவைத்த மின்னூட்டம். வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் வைத்திருந்தால், சென்னை வெயிலில் அது மெல்ல மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும்.